வராத நோய்க்கு மாத்திரை

வடக்குவெளி,
நீடாமங்கலம் வழி.
14.06.2025

அன்புள்ள மாப்பிள்ளை பரிதிக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். யாரிடம் சொன்னாய் என்று கேட்காதே. மனசுக்குள் சொன்னேன், அதற்கு உன் அத்தை சாட்சி. மாமன் மருதையன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தை மலர்க்கொடியும் உன் அம்மாவும் சுகம். அக்காவுக்கு முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எடை குறைந்திருக்கிறதா என்று பார்த்து எழுது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அறுவடை மிஷின் ஏஜெண்டாக ஆனபிறகு என் போன் எனக்குச் சொந்தமில்லை. டிரைவர் ரெத்தினம்தான் எடுப்பான், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான். நீ ‘மாமா’ என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு வயலுக்குக் கேட்டுவிடும். தவிர, என் கையெழுத்தைப் பார்த்து ஒரு தாசில்தார் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கிறார். ஒன்பதாவதோடு நின்றவன் எழுத்தா இது என்று அலுவலகமே கூடிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வைகாசித் திருவிழாவுக்கு வந்தபோது உன் பையில் சார்ஜர் தேடினேன். சார்ஜர் கிடைக்கவில்லை, ஒரு மாத்திரை டப்பா கிடைத்தது. அதன் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நீடாமங்கலத்தில் நம் சலாஹுதீன் பாய் மருந்துக்கடைக்குப் போனேன். பாய் என் கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கடையில் நின்ற ஏழெட்டுப் பேரை வெளியே போகச் சொல்லிவிட்டு, “மருதையா, இது எய்ட்ஸ்காரங்க சாப்பிடுற மருந்துப்பா” என்று காதோடு சொன்னார்.

பயப்படாதே. இப்போதெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டு எண்பது வயது வரை இருக்கிறார்கள். எனக்கே பத்துப் பேரைத் தெரியும்.

குத்தாலத்துப் பெண் விஷயத்தை நிறுத்திவிட்டேன். அக்கா பூ வைக்க நாளே குறித்துவிட்டாள், தெரியுமல்லவா? தாய்மாமன் சம்மதம் இல்லாமல் தட்டு நகருமா? பொருத்தம் கூடவில்லை என்று என் ஜோசியர் மேல் பழியைப் போட்டு, உன் பெயரும் கெடாமல், பெண் பெயரும் கெடாமல் பேசி முடித்தேன். குத்தாலமே அசந்துபோனது. அக்காவுக்கு உன் நோய் பற்றி ஒரு வார்த்தை தெரியாது. என் நெஞ்சைக் கிழித்துப் பார்த்தால்தான் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமன்,
மருதையன்

*

சென்னை
22.06.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். அத்தையையும் கேட்டதாகச் சொல்லுங்கள். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, நீங்கள் பயந்திருக்கிறீர்கள் என்பது தெரிந்தது.

எனக்கு எந்த நோயும் இல்லை, மாமா. பாய் சொன்னது பாதிதான் சரி. நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் மருந்துகளில் அதுவும் உண்டு. ஆனால் நோய் இல்லாதவர்களும், அது வர வாய்ப்பு இருந்தால், வராமல் தடுக்கத் தினம் ஒன்று போட்டுக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனை செய்து ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் டாக்டர் எழுதிக் கொடுப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பார்ப்பார்கள். போன மாதமும் பார்த்தார்கள். இல்லை.

குத்தாலம் நின்றது நல்லதுதான். நானே நிறுத்தியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மாவிடம் நிஜமாகவே எதுவும் சொல்லவில்லைதானே?

அன்புடன்,
பரிதி

*

வடக்குவெளி
03.07.2025

அன்பு மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

நலம், நலமே வேண்டும். தைலம் வந்தது. அக்கா ஒரு காலுக்குப் போட்டாள், வாசனை நன்றாக இருக்கிறதென்று இன்னொரு காலுக்கு அத்தை போட்டுக்கொண்டாள்.

இதையும் நான் எதிர்பார்த்தேன். என் மாப்பிள்ளைக்கு நோய் இருக்காது என்று பாய் கடைப் படியில் இறங்கும்போதே ஒரு குரல் சொன்னது. உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். “நோவே இல்லாதவனுக்கு எதுக்கு மாத்திரை?” என்றாள். “அடியே, நோவு வந்த வெதைக்கா நேர்த்தி பண்றோம்? நல்ல வெதைக்குத்தான மருந்து கலக்குறோம்? நாத்தங்கால்ல வரக்கூடாதுன்னு மூட்டையிலயே பண்றோம்ல?” என்றேன். உலகத்தில் இதை இவ்வளவு சுருக்கமாக எந்த டாக்டரும் சொல்லியிருக்க மாட்டான்.

மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டது. அக்கா இந்தத் தடவை மிஷின் நடவுக்குப் பாய் நாற்றங்கால் (மருந்துக்கடைப் பாய் இல்லை, படுக்கிற பாய்) போட்டுக் கொடுக்கிறாள். நாற்று கம்பளம் மாதிரி இருக்கிறது, சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். அக்காவைப் பற்றிக் கேட்டாயே, அதனால் எழுதினேன்.

ஒரு சந்தேகம். ‘வர வாய்ப்பு இருந்தால்’ என்று எழுதியிருக்கிறாய். எங்கள் மிஷின் டிரைவர்கள் ஆறு மாதம் ஊர் ஊராகத் தங்குகிறவர்கள். அவர்களுக்கு என்றால் புரிகிறது. ஏசி அறையில் கட்டட வரைபடம் போடுகிற பிள்ளைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வாய்ப்பு வருகிறது?

பதில் எழுது. மோர் நிறையக் குடி.

மாமன்,
மருதையன்

*

சென்னை
20.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கே அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கேட்டுவிட்டீர்கள். நேரில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். எழுத்தில் முடியவில்லை.

எனக்குப் பெண்கள்மேல் நாட்டம் வந்ததே இல்லை. ஆண்கள்மேல்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே. அறையில் கூட இருக்கும் நண்பன் என்று ஹரிசங்கரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவன் அறை நண்பன் மட்டுமல்ல. நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம். அவனுக்கு அந்தக் கிருமி இருப்பது இந்த ஆண்டு தொடக்கத்தில்தான் தெரிந்தது. சிகிச்சை எடுக்கிறான், வேலைக்குப் போகிறான், நன்றாக இருக்கிறான். மருந்தில் கிருமி முழுக்க அடங்கிவிட்டால் அவனிடமிருந்து எனக்குப் பரவாது. அதுவரை நானும் மாத்திரை போட வேண்டும் என்றார் டாக்டர். போடுகிறேன். தினம் காலையில் இரண்டு பேரும் ஒரே செம்புத் தண்ணீரில்.

இதைத் தெரிந்துகொண்ட முதல் ஆள் நம் குடும்பத்தில் நீங்கள்தான். படித்ததும் கிழித்துவிடுங்கள். ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் வருகிறேன். பேசலாம்.

அன்புடன்,
பரிதி

*

சென்னை
17.08.2025

மாமாவுக்கு,

நலம். நீங்கள் நலமா என்று தெரியவில்லை. மூன்று நாளும் கண்ணில் படவில்லை. மிஷின் ஒரத்தநாட்டில் மாட்டிக்கொண்டது என்று அத்தை சொன்னார்கள்.

அம்மா மூன்று நாளும் எனக்கு இலை போட்டார்கள். காலை இட்லிக்கும் இலை. முதல் நாள் சந்தோஷமாக இருந்தது. ஊருக்கு வந்த பிள்ளைக்கு விருந்து என்று நினைத்தேன். இரண்டாம் நாள் சாப்பிட்ட இலையை மாட்டுக்குப் போடப் போனேன். அம்மா ஓடிவந்து பிடுங்கினார்கள். கொல்லையில் ஏற்கெனவே குழி வெட்டி வைத்திருந்தது. அதில் போட்டு மண்ணைத் தள்ளினார்கள். ஏம்மா என்றேன்.

“வாயில்லாத ஜீவம்பா. அதுக்கு எதுவும் ஆயிடக் கூடாது.”

அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். “தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டான். பெரியாஸ்பத்திரி டாக்டரே கூப்பிட்டு உன் ரத்த ரிப்போர்ட்டக் காட்டுனாராம். கண்ணால பாத்தேங்கிறான்.”

எந்த டாக்டர், மாமா? எந்த ரிப்போர்ட்?

எனக்கு நோய் இருந்திருந்தாலும் அந்தக் குழி வெட்ட வேண்டியதில்லை. நான் தினம் ஹரியோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறேன்.

பரிதி

*

வடக்குவெளி
12.09.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா வரவில்லை.

மிஷின் மாட்டியது உண்மை. ஆனால் ஒரு மணி நேரத்தில் வெளியே எடுத்துவிட்டோம்.

என் பக்கத்தையும் கேள். பாய் சொன்ன அன்றே அக்காவிடம் போய், குத்தாலம் வேண்டாம் என்றேன். “போடா, ஒனக்கு வேற வேலையில்ல” என்றாள். தட்டு வாங்கிவிட்டாள், புடவை வாங்கிவிட்டாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை, மாப்பிள்ளை. எப்படி விடுவேன்? பாய் சொன்னார் என்றேன். “மருந்துக்கடைக்காரருக்கு என்ன தெரியும்?” என்றாள். அப்போது வாயில் ஒரு டாக்டர் வந்துவிட்டார். டாக்டர் வந்ததும் பின்னாலேயே ரிப்போர்ட்டும் வந்தது. ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, உனக்குத் தெரியும். அவள் தரையில் உட்கார்ந்ததும்தான் நிறுத்தினேன். உனக்கு முதல் கடிதம் எழுதியது அதற்குப் பிறகுதான்.

பாயும் நான் எழுதியபடி சொல்லவில்லை. கடையில் வேறு ஆளே இல்லை. “இது அந்த நோவுக்கும் குடுப்பாங்க, வேற எதுக்காச்சும் குடுப்பாங்களான்னு டாக்டரத்தான் கேக்கணும்” என்றார். நான் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வாரம் அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். நாற்றங்காலில் நாற்றுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பரிதிக்கு ஒண்ணும் இல்ல. அது வராம இருக்கப் போடுற மாத்திரை. டாக்டரப் பாத்தேன்னு நான் சொன்னது பொய்.”

நிமிரவே இல்லை. “ஒம் பொய்ய எனக்குத் தெரியாதா தம்பி? நான் அழுவுறதப் பாக்கமுடியாம இப்ப சொல்ற பாரு, இதான் பொய்.”

“சத்தியமாக்கா.”

“வெண்ணாத்துல மொதலையப் புடிச்சேன்னியே, நம்புனனா? மந்திரி ஒங்கூட டீ குடிச்சாருன்னியே, நம்புனனா? ரிப்போர்ட்டப் பாத்தேன்னியே, அத நம்புனேன். ஏன்னா அதச் சொல்றப்ப நீ சிரிக்கல.”

நான் என்ன செய்வேன், மாப்பிள்ளை? இப்போதும் நான் சிரிக்கவில்லை என்றேன். “போ, வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டாள்.

ஜூலையில் நீ எழுதிய மற்ற விஷயம். கிழித்துவிட்டேன். பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். இந்த ஊரில் எனக்குத் தெரியாத சங்கதி இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன், இதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் எழுந்து போனேன். இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் நீ என்னிடம் முதலில் சொன்னாய். அதை மட்டும் யாரிடமும் பெருமையடிக்காமல் வைத்திருக்கிறேன்.

உன் மாமன்,
மருதையன்

*

சென்னை
05.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். கோபம் தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எழுத உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அம்மா தினம் போன் செய்கிறார்கள். “மாத்திர போட்டியா?” என்கிறார்கள். போட்டேன் என்கிறேன். அதற்குப் பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம்தான். என் பரிசோதனை முடிவைப் படமெடுத்து அனுப்பினேன். “நீ கம்ப்யூட்டர்ல வீடே கட்டுற புள்ள, ஒரு காயிதம் அடிக்கத் தெரியாதா?” என்றார்கள்.

உங்களையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்று இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்வார்கள், பொறுமையாக விளக்குவார்கள், பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். அம்மாவை ஒரு முறை அழைத்துப் போங்கள். முன்பின் தெரியாத ஒருவர் சொன்னால் கேட்கலாம்.

தீபாவளிக்கு வரவில்லை. இலையில் சாப்பிட்டு எழுந்திருக்கும் தெம்பு இப்போதைக்கு இல்லை.

பரிதி

*

வடக்குவெளி
09.11.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

நலம். நீயும் அந்தத் தம்பி ஹரியும் நலமா? ஐப்பசி மழை இந்த வருடம் ஒரேயடியாக அடித்துவிட்டது. அறுத்த நெல் சாலையிலேயே முளைவிட்டது. மிஷினெல்லாம் சும்மா நின்றதால் எனக்கு நேரம் கிடைத்தது. தஞ்சாவூர் போனேன். முதலில் தனியாக. படை போவதற்கு முன் தளபதி போய்ப் பார்க்க வேண்டாமா?

மையத்தில் ஆலோசகர் அம்மா ஒருவர். உட்காரச் சொன்னார்.

“உங்களுக்குப் பரிசோதனை பண்ணணுங்களா?”

“எனக்கு எதுக்குங்க? நான் கேக்க வந்தவன்.”

“பயமா இருக்குங்களா?”

என்னைப் பார்த்து! விடுவேனா? கையை நீட்டிவிட்டேன். முடிவு வரும்வரை ஆண்டவனுக்குச் செய்யாத வேண்டுதல் இல்லை. ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை, “எதுக்கு எடுத்தீங்க? என்ன பண்ணிட்டு வந்தீங்க?” என்று இரண்டு நாள் சோறு போடவில்லை. சரி, ஒரே ஒரு வேளைதான்.

அந்த அம்மா சொன்னது நீ எழுதியது போலவேதான் இருந்தது. தொட்டால் வராது, ஒரு தட்டில் சாப்பிட்டால் வராது, கொசு கடித்தும் வராது. நோய் உள்ளவர்களையும் ஒதுக்கி வைக்கக் கூடாது என்றார். நான் இலையைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அக்காவக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

அக்கா வரமாட்டேன் என்கிறாள். “அந்த வாசல்ல என்னை எவளாச்சும் பாத்துட்டா?” என்கிறாள். விடமாட்டேன். இது மருதையன் வாக்கு.

ரெத்தினத்திடம் மாத்திரை பற்றிச் சொல்லி வைத்தேன், உன் பெயர் சொல்லவில்லை. “அப்ப மாசக் கடைசில நாலஞ்ச ஒண்ணா முழுங்கிட்டா போதுமாண்ணே?” என்று கேட்கிறான். என்ன சொல்ல?

மாமன்,
மருதையன்

*

சென்னை
21.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். ஹரியும் நலம். அவனுக்குக் கிருமி முழுக்க அடங்கிவிட்டது. இன்னும் ஒரு பரிசோதனை அப்படியே வந்தால் நான் மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டர் சொல்வார். உங்கள் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். தளபதி கையை நீட்டிய இடத்தில் சிரித்தான். பெயர் போட்டு அவனை விசாரித்திருந்ததை மறுபடி வாசிக்கச் சொன்னான்.

ரெத்தினம் அண்ணனிடம் சொல்லுங்கள். சேர்த்து விழுங்கினால் வேலைக்கு ஆகாது. முதலில் பரிசோதனை, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி. அந்த மையத்துக்கே போகட்டும்.

மாமா, ஒன்று எழுதட்டுமா? அம்மா சமைத்ததை அம்மா தட்டிலிருந்தே எடுத்துத் தின்பேன், சின்ன வயதில். கையைத் தட்டிவிடுவார்கள், மறுபடி எடுப்பேன். இப்போது எதையாவது சாப்பிட உட்கார்ந்தால் அந்த ஞாபகம்தான் வருகிறது. முப்பது வயது ஆள் எழுதுகிற விஷயமில்லை. பொங்கலுக்கு வர வேண்டும் போலிருக்கிறது. அம்மா கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாமல் வர மாட்டேன்.

அன்புடன்,
பரிதி

*

வடக்குவெளி
14.12.2025

அன்பு மாப்பிள்ளை பரிதிக்கும் தம்பி ஹரிசங்கருக்கும்,

நலம், நலம், பரம நலம்! நான் சொன்னேனா இல்லையா?

வியாழக்கிழமை அக்காவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். முழங்காலுக்கு டாக்டர் என்று சொல்லித்தான் ஏற்றினேன். தஞ்சாவூரில் இறங்கிய பிறகு உண்மையைச் சொன்னேன். நடுரோட்டில் நின்றுகொண்டு என்னைத் திட்டினாள் பார், நாலு ஆட்டோக்காரர்கள் சவாரியை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அப்புறம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, “நட” என்றாள்.

ஆலோசகர் அம்மா கதவைச் சாத்திவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, நம்பு. மாத்திரை என்றால் என்ன, யார் யார் போடுகிறார்கள், எப்படித் தடுக்கிறது, எல்லாவற்றையும் சொன்னார். உன் பரிசோதனை முடிவைப் போனில் காட்டினேன். படித்துப் பார்த்து, “இது நிஜமான காயிதம்தாம்மா. உங்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல” என்றார். அக்கா அவர் கையை விடவே இல்லை. அழுதாள். ஆறு மாதத்து அழுகை. வெளியே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாபேட்டை வரை பேச்சில்லை. அம்மாபேட்டை தாண்டியதும், “பொங்கலுக்கு வரச் சொல்லட்டுமாக்கா?” என்று கேட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பொங்கலுக்கு வரச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லு” என்றாள்.

போதுமா? சீக்கிரம் டிக்கெட் எடு. கிடைக்காவிட்டால் சொல், ஸ்டேஷன் மாஸ்டரே என் ஆள்தான்.

உங்கள் மாமன்,
மருதையன்

*

சென்னை
24.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மிக நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று தெரியும்.

கடிதம் வந்த அன்று அலுவலகத்திலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்குப் போன் செய்யப் போனேன். ஹரிதான் தடுத்தான். ‘போனில் கேட்டால் வெட்கப்படுவார்கள், நேரில் போய் நில்’ என்றான். அதுதான் சரி. தினம் பேசுகிறோம், நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் “மாத்திர போட்டியா” என்று கேட்பதில்லை. அதிலேயே தெரிகிறது.

போகிக்கு முதல் நாள் ரயிலேறுகிறேன். காலையில் நீடாமங்கலத்தில் இறங்கிவிடுவேன். புடவை ஒன்று எடுத்தோம். கிளிப்பச்சை, அரக்குக் கரை. நிறம் ஹரி பார்த்தது. அம்மாவிடம் அவன் பெயரை இப்போது சொல்லப் போவதில்லை. எல்லாம் ஒரே நாளில் வேண்டாம்.

மாமா, நீங்கள் செய்ததை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் அதை நீங்களே சரி செய்தீர்கள். செய்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

அன்புடன்,
பரிதி

*

வடக்குவெளி
04.01.2026

அன்புள்ள மாப்பிள்ளை பரிதிக்கு,

மாமன் எழுதுவது. எல்லோரும் சுகம். சம்பா கதிர் வாங்கி நிற்கிறது. நீயும் ஹரியும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். இத்தனை வயதில் என்னை ஒருவன் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே கேட்காமல் முழுதாக நம்பியது இதுதான் முதல் தடவை.

அன்றைக்குத் தஞ்சாவூர் போனது நிஜம். ஆட்டோக்காரர்கள் நாலு பேர் இல்லை, ஒருவர்தான். மற்றபடி அக்கா திட்டியது நிஜம், உள்ளே வந்தது நிஜம், அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததும் நிஜம். உனக்கு நோய் இல்லை என்பதை அக்கா நம்பிவிட்டாள். அதில் சந்தேகம் வேண்டாம். கொல்லையில் இருந்த குழியை மறுநாளே தூர்த்துவிட்டாள்.

நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த மாத்திரையை யார் யார் போடுகிறார்கள் என்று அந்த அம்மா வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கணவன் மனைவியில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவர் போடலாம் என்றார். அக்கா தலையை ஆட்டினாள். அடுத்து, ஆண்களோடு பழகும் ஆண்களும் போடுவார்கள் என்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்திருக்க வேண்டும், மாப்பிள்ளை. ஏதாவது முதலைக் கதை சொல்லியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க நினைத்த இடத்திலெல்லாம் பொய் வந்த வாய்க்கு அந்த ஒரு நிமிஷம் எதுவுமே வரவில்லை. தரையைப் பார்த்தேன். அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அம்மாபேட்டை தாண்டி அவள் வாய் திறந்ததும் நிஜம். “நோவு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு தம்பி. நோவுன்னு நெனச்சு அழுதுகிட்டிருந்தேன். இப்ப எத நெனச்சு அழுவுறதுன்னு தெரியல” என்றாள்.

உன் நவம்பர்க் கடிதம் அப்போது என் மடியில் இருந்தது. கூப்பிட்டால் வருவேன் என்று எழுதியிருந்தாயே, அது. அதனால்தான் கேட்டேன். பொங்கலுக்கு வரச் சொல்லட்டுமா என்று நான் கேட்டது நிஜம்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஹரி விஷயமும் சேர்த்து. கொஞ்ச நேரம் முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, “வந்தா நம்ம வீட்டுல எறங்கட்டும். கூட வர்ற புள்ளைக்கும் சோறு இருக்கு” என்றாள். இதை நம்ப உனக்குக் கஷ்டமாக இருந்தால் அடியில் அவளையே ஒரு வரி எழுதச் சொல்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் போகியன்று காலை ஸ்டேஷனில் நிற்பேன். ஸ்டேஷன் மாஸ்டர் என் ஆளில்லை, அவருக்கு என்னைத் தெரியாது.

அக்கா பதில் சொல்லவில்லை, பரிதி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், நீடாமங்கலம் வரை திரும்பவே இல்லை. ‘வரச் சொல்லு, நான் கேட்டேன்னு சொல்லு’ என்பது அவள் சொன்னதல்ல. அதை நான்தான் எழுதினேன்.

மருதையன்